ரூப்நாராயண் கரையில் ஒரு பர்மா வீடு

சரத்சந்திர சட்டோபாத்யாயரைத் தமிழில் படித்தோம் என்று நாங்கள் கூறும்போதெல்லாம் கொல்கத்தாவின் வங்க நண்பர்கள் ஒரு கணம் வியந்து நிற்பார்கள். தங்கள் வீட்டுப் பெண்களின் கண்ணீரைத் தங்களுக்கென்றே எழுதிவைத்த ஒருவர், ஆயிரம் கல் தொலைவில் காவிரிக் கரைச் சிற்றூர்களில் வாடகை நூல்நிலையத்து அட்டை கிழிந்த புத்தகங்களாகக் கைமாறியிருக்கிறார் என்பது அவர்களுக்குப் புதிய செய்தி. நமக்கோ அது பழைய செய்தி. த. நா. குமாரஸ்வாமியைப் போன்றோர் வங்க மொழியை முயன்று கற்று, அம்மொழியின் இலக்கியத்தைத் தமிழுக்குக் கொணர்ந்த காலம் அது. ஆர். சண்முகசுந்தரம் நல்ல நாவலாசிரியர். அவரும் சரத்சந்திரரை மொழிபெயர்க்க முன்வந்தார். மராத்திய காண்டேகரையும் வங்க சரத்சந்திரரையும் தமிழ் எழுத்தாளர்கள் என்றே எண்ணிக்கொண்டிருந்த வாசகர்கள் ஒரு தலைமுறை முழுவதும் இருந்தார்கள். எங்கள் அன்னையாரும் அவர்களுள் ஒருவர். 'தேவதாஸ்' திரைப்படம் 1953-இல் தமிழில் வெளிவந்து, பின்னர் ஊர் ஊராகக் கீற்றுக் கொட்டகைகளில் ஓடிக் களைத்தபோதுதான், அக்கதையை எழுதியவர் வங்காளி என்பதை அவர் அறிந்தாராம். "அதனால் என்ன, நம்மவர்தானே" என்பதே இன்றளவும் அவர் கொள்கை.

இத்தகைய அன்னையார் எங்களோடு வாழக் கொல்கத்தாவுக்கு வந்த பிறகு, சரத்சந்திரரின் வீட்டைக் காட்டாமல் இருப்பது எப்படி? மைய அரசின் கணக்கு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரியும் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு. ஹௌராவிலிருந்து புறநகர் ரயிலும் உண்டு. ஜோடாசாங்கோவில் உள்ள தாகூர் மாளிகைக்கு முன்னரே ஒருமுறை அவரை அழைத்துச் சென்றிருந்தோம். செந்நிற மாளிகையின் தாழ்வாரங்களில் நடந்து நடந்து கால் வலித்ததுதான் மிச்சம். "பெரிய இடம்" என்று ஒரே சொல்லில் மதிப்புரை வழங்கிவிட்டார். அரண்மனையில் பிறந்த கவியின்பால் அவருக்கு மரியாதை உண்டு. அவர் உறவு கொண்டாடியது மற்றவரிடம்.

ஹௌராவிலிருந்து கரக்பூர் செல்லும் தடத்தில் சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது தேவுல்டி. உலுபேரியா, பாக்னான் ஆகிய நிலையங்களைக் கடந்தால் வருவது. அதனையடுத்து ரூப்நாராயண் ஆற்றுப் பாலம், அப்பால் கோலாகாட். தேவுல்டியில் இறங்கி, நெடுஞ்சாலையைக் கடந்து, 'டோட்டோ' என்று வங்கத்தார் அழைக்கும் மின்கல வண்டியில் ஏறினோம்: அன்னையார், இல்லத்தரசியார், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகள், நாங்கள். சாலையின் இருமருங்கும் குளங்கள், மூங்கில் புதர்கள், வாழை, பூந்தோட்டங்கள். அன்னையாருக்கு அது தஞ்சை மாவட்டமாகவே தோன்றியது. "தென்னைதான் கொஞ்சம் குறைச்சல்" என்றார். ஊரின் பெயர் சாம்தாபேர்.

வாயிலைக் கடந்து தோட்டத்தினுள் நுழைந்ததும் வீடு எதிரே நிற்கிறது. இரண்டு தளங்கள், சிவந்த ஓடு வேய்ந்த சரிவான கூரை, தளத்துக்குத் தளம் முன்னால் நீளும் தாழ்வாரம், தாழ்வாரத்தைத் தாங்கும் வரிசைத் தூண்கள். இது வங்க நாட்டுப்புறத்து வீட்டின் சாயல் அன்று. பர்மிய பாணியில் கட்டப்பட்டது என்று எல்லாரும் கூறுகிறார்கள். பார்த்தவுடனே நமக்கும் அது விளங்குகிறது.

பர்மாவைப் பற்றி இங்கே சிறிது கூறியாக வேண்டும். 1876-இல் ஹூக்ளி மாவட்டத்துத் தேவானந்தபூரில் வறிய குடும்பம் ஒன்றில் பிறந்த சரத்சந்திரர், கல்லூரிப் படிப்பை முடிக்க வகையின்றி, 1903-இல் பிழைப்புத் தேடி ரங்கூனுக்குக் கப்பலேறினார். அவர் புறப்பட்ட அதே காலத்தில், தம் மாமன் சுரேந்திரநாதரின் பெயரில் அவர் அனுப்பியிருந்த 'மந்திர்' என்னும் கதை 'குந்தலீன்' பரிசு பெற்றது. கப்பலேறியவரோ அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். 1907-இல் 'படதிதி' என்னும் நெடுங்கதை 'பாரதி' என்னும் இதழில் எழுதியவர் பெயரின்றித் தொடங்கியபோது, இது தாகூரின் எழுத்தாகத்தான் இருக்கவேண்டும் என்று வங்கம் பேசிக்கொண்டது. எழுதியவர் கடலுக்கு அப்பால் பேரேட்டில் எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்! அந்த ரங்கூனிலேதான் அவருடைய முதல் மனைவியும் குழந்தையும் பிளேக் நோயில் மாண்டனர். அங்கேதான் 1912-இல் அவர் குடியிருந்த மரவீடு தீப்பற்றி, அவர் சேர்த்த புத்தகங்களும், தீட்டிய ஓவியங்களும், 'சரித்ரஹீன்' நாவலின் கைப்பிரதியும் சாம்பலாயின. அந்த நாவலை மீண்டும் முதலிலிருந்து எழுதினார்.

இவ்விடத்தில் எங்களைப் போன்ற எழுத்தர்கள் சிறிது நின்று போகலாம். எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டே எழுத்தாளராகவும் விளங்கியவர் ஒருவர் இருந்தார் என்றால் நமக்கு உள்ளூர ஒரு பெருமை எழுவது இயல்பு. மாலை ஐந்தரைக்குப் பின்னரும் மனிதனுக்குள் ஏதோ மிஞ்சியிருக்கும் என்பதற்கு அவர் ஒரு சான்று. ஆனால் அந்தப் பெருமையை நாம் அளவோடு கொள்வதே முறை. 1916-இல், மாதம் 100 ரூபாய் கிடைக்கும் என்று பதிப்பாளர் அளித்த உறுதியை நம்பி, மேலதிகாரியோடு ஏற்பட்ட பிணக்கும் ஒரு காரணமாக, அவர் வேலையை உதறிவிட்டுத் தாயகம் திரும்பினார். நாம் உதறவில்லை. ஓய்வூதியம், குழந்தைகளின் கல்வி, மருத்துவ வசதி என்று நமக்குச் சொல்ல ஆயிரம் காரணங்கள் உள்ளன. அவை அனைத்தும் நியாயமானவையும்கூட. அவருடைய மேசையின் முன் நின்றபோது அந்த ஆயிரமும் நினைவுக்கு வந்தன என்பதை மட்டும் பதிவு செய்துவிட்டு மேலே செல்கிறோம்.

திரும்பியவர் பத்தாண்டுகள் ஹௌரா நகரத்தில் வாடகை வீட்டில் வாழ்ந்தார். மூத்த சகோதரி அனிலா தேவி மணமாகி வாழ்ந்த ஊர் சாம்தாபேருக்கு அருகே இருந்தது. தம் கட்டுரைகள் சிலவற்றுக்குச் சரத்சந்திரர் புனைபெயராகச் சூட்டிக்கொண்ட பெயரும் அந்தச் சகோதரியின் பெயரே. அச்சகோதரியின் அண்மையும் ஆற்றின் அழகும் அவரை இங்கே ஈர்த்தன. நிலம் வாங்கி வீடு கட்டி 1926-இல் குடியேறினார். இரண்டாம் மனைவி ஹிரண்மயி தேவியாருடன் இங்கே வாழ்ந்தார். 1934-இல் கொல்கத்தாவில் வேறொரு வீடு கட்டிய பின்னரும் இதனை அவர் மறக்கவில்லை. 1938 ஜனவரியில் கொல்கத்தாவில் காலமானார்.

அறைகள் பெரியவை அல்ல. ஆற்றை நோக்கிய அறையில் அவர் அமர்ந்து எழுதிய மேசையும் நாற்காலியும் இருக்கின்றன. புத்தக அலமாரி, ஹுக்கா, கடிகாரம், கட்டில் ஆகிய எல்லாம் எளிய பொருள்களே. ஊரார்க்கு ஹோமியோபதி மருந்து கொடுக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. சித்தரஞ்சன் தாஸ் அவருக்கு அளித்த ராதாகிருஷ்ண விக்கிரகத்தைப் பற்றியும் அங்கே சொன்னார்கள். அரசியலில் அவர் தாஸின் அன்பர். ஹௌரா மாவட்டக் காங்கிரசுக்குப் பல்லாண்டுகள் தலைவர். காந்தியடிகளிடம் பக்தியும், புரட்சி வீரர்களிடம் பரிவும் ஒரே நெஞ்சில் குடியிருந்தன. 'பதேர் தாபி' என்னும் நாவல் அந்த இரண்டாவது பரிவின் பயன். பர்மாவைக் களமாகக் கொண்ட அந்நூல் 1926-இல் வெளிவந்தது. 1927 ஜனவரியில் ஆங்கில அரசு அதனைத் தடை செய்தது. தடைக்கு எதிராகக் குரல் கொடுக்குமாறு தாகூரை வேண்டினார், தாகூர் இசையவில்லை. அந்தக் காயம் ஆற நாளாயிற்று. தடை நீங்கிய ஆண்டு 1939. அதைக் காண அவர் இல்லை. ரங்கூன் அலுவலகத்தில் பேரேடு புரட்டிய கை எழுதிய புத்தகத்தைக் கண்டு ஓர் அரசாங்கம் அஞ்சியது என்பதை எண்ணும்போது, பேரேட்டின்மீதே நமக்குப் புதிய மதிப்புப் பிறக்கிறது.

இத்தகைய நினைவு இல்லங்களில் ஒரு பழக்கம் உண்டு. எழுத்தாளரின் கதைகளை எல்லாம் அங்குள்ள மரத்திலும் குளத்திலும் கொண்டுவந்து கட்டிவிடுவார்கள். இங்கும் அது நடக்கிறது. தோட்டத்துக் குளத்தைக் காட்டி, 'ராமேர் சுமதி' கதையில் சிறுவன் ராமன் வளர்த்த கார்த்திக், கணேஷ் என்னும் இரு மீன்களும் இக்குளத்தில்தான் இருந்தன என்று, எங்களைப் போலவே வீட்டைக் காண வந்திருந்த ஒரு முதியவர் மெய்சிலிர்க்க விளக்கினார். அக்கதை 1914-லேயே அச்சேறிவிட்டது. அப்போது ஆசிரியர் ரங்கூனில் இருந்தார். இந்த வீட்டுக்கு அடிக்கல் நாட்டவும் இல்லை. கணக்குத் துறையில் வேலை செய்பவர்களுக்குத் தேதிகள் பொருந்தாவிட்டால் உறக்கம் வராது. மகளிடம் மெல்ல இதனைக் கூறினோம். அவள் உடனே, "பாட்டியிடம் சொல்லாதீர்கள்" என்றாள். பாட்டி அதற்குள் குளத்துப் படியில் நின்று, மீன் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வீட்டில் வாழ்ந்த காலத்தில் அவர் படைத்தவை வேறு. 'சேஷ் பிரச்னா', 'ஸ்ரீகாந்தன்' நாவலின் நான்காம் பகுதி, 'விப்ரதாஸ்' ஆகியன அவ்வாண்டுகளைச் சேர்ந்தவை. கண்ணீரின் ஆசிரியர் என்று பெயரெடுத்தவர், முதுமையை நெருங்கும்போது, 'சேஷ் பிரச்னா'வில் கமல் என்னும் பெண்ணை வினா மேல் வினாவாகக் கேட்க வைத்து, தம் வாசகர்களையே திடுக்கிடச் செய்தார். நம் நாட்டில் அவரை 'தேவதாஸ்' என்னும் ஒரு கதைக்குள் அடைத்துவிட்டோம். அது அவர் இளமையில் எழுதியது. அவரே அதனைப் பெரிதாகப் போற்றியவர் அல்லர். மேசையைக் காண வருகிறவர்கள், அந்த மேசையில் எழுதப்பட்டது எது என்று அறிந்து வந்தால் நன்று.

இனி, எங்கள் அன்னையாரைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம்.

அவருடைய தந்தையார், அதாவது எங்கள் தாய்வழிப் பாட்டனார், பெகு நகரில் நகரத்தார் ஒருவரின் லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக இருந்தவர். பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி அந்த நிலைக்கு உயர்ந்தவர். 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது, உடுத்த துணியோடு காட்டு வழியே நடந்து இந்தியா வந்து சேர்ந்த பல்லாயிரவரில் அவரும் ஒருவர். வழியில் உடன் வந்த தம்பியை இழந்தார். ஊர் திரும்பி, மணம் முடித்து, சிறு மளிகைக் கடை வைத்துக் காலத்தை ஓட்டினார். நடந்த வழியைப் பற்றி அவர் பேசியதே இல்லை. ஆனால் பெகுவில் தாம் இருந்த வீட்டைப் பற்றிப் பேசுவார். பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு, திண்ணை மண்ணில் குச்சியால் கோடு கிழித்து, இது தாழ்வாரம், இது மாடிப்படி, இங்கே நின்றால் காற்று இப்படி வரும் என்று காட்டுவாராம். மழை பெய்து கோடு அழிந்தால் மறுநாள் மீண்டும் வரைவாராம். அதை எங்கள் அன்னையார் எத்தனையோ முறை எங்களிடம் சொல்லியிருக்கிறார். பிறந்த பிள்ளைகள் ஒருவரும் கண்டிராத வீடு. தம்மோடு வந்த தம்பியையும் அவர் நினைவில் அந்த வீட்டில்தான் குடிவைத்திருந்தார் போலும்.

சரத்சந்திரரின் வீட்டுத் தாழ்வாரத்தில் அன்னையார் நெடுநேரம் நின்றார். தூணைத் தடவினார். ஓட்டுச் சரிவை அண்ணாந்து பார்த்தார். கால் வலிக்கும், உட்காருங்கள் என்று இல்லத்தரசியார் கூறியது அவர் செவியில் விழவில்லை. பின்னர் தாழ்வாரத்தின் ஒரு மூலைக்குச் சென்று, ஆற்றின் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றுகொண்டு, "அப்பா சொன்ன காற்று இங்கேதான் வரணும்" என்றார். காற்று வந்ததா என்று நாங்கள் கேட்கவில்லை. ரூப்நாராயண் இப்போது வீட்டைவிட்டு விலகிச் சற்றுத் தொலைவில் ஓடுகிறது. முற்காலத்தில் சன்னலிலிருந்தே ஆறு தெரியும் என்கிறார்கள். இன்று இடையில் வயலும் மேடும். இருந்தும் அந்த மூலையில் நின்றால் ஆறு எங்கோ இருக்கிறது என்பது தெரிகிறது.

காப்பாளராக அங்கிருந்தவர் அன்னையாரின் நிலையைக் கண்டு ஒரு நாற்காலி கொணர்ந்து போட்டார். எங்கள் மகள் வங்க மொழியில் அவரிடம் ஏதோ கூறினாள். கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள். தெருவின் மொழி அவளுக்கு வீட்டின் மொழியைவிட விரைவாக வருகிறது. அது எங்களுக்கு உள்ளூர ஒரு கவலை. சங்கத்தின் ஞாயிறு வகுப்புக்கு அவளை இழுத்துச் செல்லும் பெற்றோருக்கு அக்கவலை புரியும். அவள் பேசி முடித்ததும் அந்த மனிதர் தம் இரு கைகளையும் கூப்பி அன்னையாரை வணங்கினார். என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டோம். "எங்கள் கொள்ளுத்தாத்தா வீடும் இப்படித்தான் இருந்தது, பாட்டி அதைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றேன்" என்றாள். கொள்ளுத்தாத்தாவின் வீட்டைப் பற்றி அவளிடம் நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. பாட்டி சொல்லியிருக்கிறார். தமிழில்தான்.

1978-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் இவ்வீடும் பழுதுற்றது. பின்னர் மேற்கு வங்கத்தின் மரபுரிமைச் சட்டப்படி காக்கத்தக்க கட்டடமாக அறிவிக்கப்பட்டு, 2009-இல் செப்பனிடப்பட்டது. இன்று பளிச்சென்று இருக்கிறது. நம் கண்ணுக்குச் சற்று அதிகமான பளிச்சே. ஆயினும் ஆற்றங்கரையில் இடிந்து விழுந்து பெயரற்றுப் போகாமல் நிற்கிறதே, அதற்காகப் பழுதுபார்த்தவர்களை வாழ்த்துவோம். தோட்டத்தில் அவர் நட்டதாகக் கூறும் கொய்யா இருக்கிறது. ஒரு புறம் நினைவிடங்கள்: அவருக்கும், ஹிரண்மயி தேவியாருக்கும், இராமகிருஷ்ண மடத்துத் துறவியாக வேதானந்தர் என்ற பெயருடன் வாழ்ந்த அவர் தம்பிக்கும். தம்பியின் நினைவிடத்தருகே அன்னையார் மற்ற இடங்களைவிடச் சிறிது கூடுதலாகவே நின்றார்.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடச் சொன்னார்கள். ஏடு முழுவதும் வங்க எழுத்து, இடையிடையே ஆங்கிலம். அன்னையார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தம் பெயரையும் ஊரையும் தமிழில் எழுதி, கீழே, 'பெகுவில் இருந்தவரின் மகள்' என்று சேர்த்தார். எழுத்துப் பிழை ஏதும் இல்லை; கை மட்டும் நடுங்கியிருந்தது. அந்த வரியைப் படிக்க அங்கே யாருக்கும் தெரியாது. நம் சங்கத்தார் எவரேனும் செல்ல நேர்ந்தால் ஏட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.

திரும்பும் வண்டியில் கூட்டம் இல்லை. புறப்படும் முன் கடையொன்றில் வாங்கிய சிறுகதைத் தொகுப்பைப் பிரித்து, மகள் 'மகேஷ்' கதையைப் பாட்டிக்குச் சொல்லத் தொடங்கினாள். வங்க மொழியில் ஒரு பத்தியைப் படிப்பது, தமிழில் சொல்வது, மீண்டும் படிப்பது. கபூர் என்னும் ஏழை முஸ்லிம் உழவன், அவன் பிள்ளைபோல் வளர்த்த மகேஷ் என்னும் காளை, வறட்சி, ஒரு குடம் தண்ணீர். அன்னையார் அக்கதையை ஐம்பது ஆண்டுகளுக்கு முன் படித்தவர். மகள் சொல் தேடித் தடுமாறிய இடங்களில் எல்லாம் அவர் எடுத்துக்கொடுத்தார். கலப்பை, நுகம், வைக்கோல் போர், தண்ணித் தொட்டி. மாட்டைக் கட்டும் கயிற்றுக்குத் தும்பு என்று பெயர் என்பதை எங்கள் மகள் அன்று கற்றாள். உண்மையைச் சொன்னால் இல்லத்தரசியாரும் அன்றுதான் கற்றார்.

கதையின் இறுதியில் கபூர் தன் மகள் அமீனாவை அழைத்துக்கொண்டு நள்ளிரவில் ஊரைவிட்டுப் புறப்படுகிறான். தண்ணீர் குடிக்கும் பாத்திரத்தையும் சோறு உண்ணும் தட்டையும் எடுத்துக்கொள்ள மகள் முனைகிறாள். மகேஷைக் கொன்றதற்குப் பிராயச்சித்தமாக அவை இங்கேயே இருக்கட்டும் என்று தடுத்துவிடுகிறான். அந்த இடத்தில் உழவன் வாயில் அச்சொல் சிதைந்து வருகிறது என்று மகள் சுட்டிக்காட்டினாள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? "பிராயச்சித்தம்னே சொல்லேன்" என்றார் பாட்டி. அது படித்தவர் பேச்சு, கபூர் அப்படிப் பேசமாட்டான் என்றாள் பேத்தி. "அப்படின்னா பரிகாரம்." அதுவும் ஒத்துவரவில்லை. உலுபேரியா கடந்தது. வண்டி செங்காயிலை நெருங்கியபோது, சணல் ஆலை இருக்கும் பக்கத்தை நாங்கள் காட்டினோம். அன்னையார் சன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"கபூர் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வேலைக்குப் போனது இந்த ஆலைக்கா?"

"கதையில் வேறு ஊர்ப் பெயர், பாட்டி" என்றாள் மகள்.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் ஆலை இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆந்துல் வந்தபோது, "பாவம் கழியட்டும்னு சொல்லு. அவன் அப்படித்தான் சொல்லியிருப்பான்" என்றார். மகள் பையிலிருந்து பென்சிலை எடுத்து, புத்தகத்தின் ஓரத்தில் அதைத் தமிழில் எழுதிக்கொண்டாள்.